கயிறு வந்தது, இழுக்கும் உரிமை வரவில்லை

2009 ஜனவரியில் மருத்துவ உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, ஒரே பக்கத்தில் அடங்கும் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கத்தி வைப்பதற்கு முன் ஒருமுறை, நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன் ஒருமுறை என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, வாய்விட்டுக் கேட்டு, பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். சரியான நோயாளிதானா, எந்தப் பக்கம் அறுவை, ஏதாவது ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா. இவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாயின.

2014இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே இந்தப் பட்டியலை எவ்வளவு கடைப்பிடிக்கிறோம் என்பதை மருத்துவமனைகள் பொதுவில் அறிவித்தாக வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. 101 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் பட்டியல் நிரப்பப்பட்டதாகத்தான் கணக்கு போனது. இறப்பு விகிதமோ 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அதை மாற்றம் என்றே சொல்ல முடியாது.

இந்த இரண்டாவது ஆய்வின் மீது விமர்சனங்கள் உண்டு. பட்டியல் வருவதற்கு முன் மூன்று மாதம், வந்தபின் மூன்று மாதம் என்றுதான் எடுத்து ஒப்பிட்டார்கள், அது போதாது என்றார்கள். நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் எனக்கு அந்த எண்களில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. நான் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் வேலையைத் தொடங்கியவன். அப்புறம் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வேலை முறைகளை மாற்றியமைக்கும் குழுக்களில் இருந்திருக்கிறேன். ஒரு துறையில் நன்றாக ஓடிய முறையை இன்னொரு துறைக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. அதில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: தாள் வந்துவிடும், பலகை வந்துவிடும், விளக்கு வந்துவிடும். முதலில் அது ஓடிய இடத்தில், கீழே நிற்கும் ஆளுக்கு மேலே இருப்பவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த வாக்கு மட்டும் வராது.

ஒரு மருத்துவமனையில் அறுவை அரங்குக்கு வெளியே இருக்கும் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். நோயாளியை இன்னும் வார்டிலிருந்து கொண்டுவரவில்லை. நர்ஸ் ஒருவர் சுவரோரம் இருந்த மேசையில் குனிந்து, அந்தச் சரிபார்ப்புத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்று கட்டங்களுக்கும் சேர்த்து. பஞ்சு எண்ணிக்கை சரி என்ற கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டது, பஞ்சுப் பொட்டலத்தையே இன்னும் பிரிக்கவில்லை. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள் என்ற வரிக்கும் டிக். சர்ஜன் அப்போது கட்டடத்துக்குள்ளேயே வந்திருக்கவில்லை. ஏன் இப்போதே எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார்: "டாக்டர் வந்துட்டா நேரம் இருக்காது சார். நடுவுல நிறுத்திக் கேட்டா திட்டு விழும். மாசக் கடைசி ஆடிட்டுக்கு ஃபார்ம் முழுசா இருக்கணும், அதான்."

அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நிறுவனம் அவரிடம் உண்மையில் என்ன கேட்டதோ அதை அவர் சரியாகச் செய்துகொண்டிருந்தார். நிரம்பிய தாள் கேட்டார்கள், கொடுத்தார். ஒரு சர்ஜனை நிறுத்தி வைக்கும் தைரியத்தைக் கேட்டிருந்தால், அதற்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பி, மேலே ஏறியதும் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் ராணுவத்தின் அனுபவம் மிக்க சோதனை விமானி. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பூட்டி வைக்கும் ஓர் அமைப்பு இருந்தது. கிளம்புவதற்கு முன் அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஒரு மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு விமானம் சிக்கலாகிவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டு, விமானிகள் வரிசையாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியலை உருவாக்கினார்கள். அந்த விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப்போர் முழுக்கப் பறந்தது.

வணிக மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மறதி, பட்டியல், வெற்றி. அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் பட்டியல் கையில் இருந்தும் விமானங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. கடும் மூடுபனி. கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில். கேஎல்எம் விமானி அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர்களில் ஒருவர். கிளம்புவதற்காக அவர் விமானத்தை வேகமெடுக்கவைத்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம். அந்தப் பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. 583 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கருகே யுனைடெட் விமானம் ஒன்று, தரையிறங்கு சக்கரத்தில் ஏதோ பிரச்சினை என்று வானில் சுற்றிக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவது விமானி அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். கேப்டனைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு உரத்து யாரும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகுதான் விமானத் துறை உண்மையாக மாறியது. 1979இல் நாசா ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய வகைப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் மூத்தவரிடம் எப்படித் தன் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும், முதல் தடவை காதில் விழாவிட்டால் அடுத்து எப்படி அழுத்திச் சொல்ல வேண்டும், மூத்தவர் அதை எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் ஏறின. 1989இல் அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம், கட்டுப்பாட்டு அமைப்புகள் எல்லாம் செயலிழந்த நிலையில் சூ சிட்டியில் தரையில் மோதி இறங்கியபோது, உள்ளே இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் அதற்கான பெருமையை அந்தப் பயிற்சிக்கே கொடுத்தார்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவன விமானம் ஒன்று வாஷிங்டனுக்கு அருகே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரையிறங்குவதற்கான அனுமதி வாசகத்தை விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டு, இறங்கக் கூடாத உயரத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. போட்டி நிறுவனத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இதைப் பார்த்ததும் அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பு, தவறுகளை நீங்களே எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம் என்று 1975இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய்த் தன் தவறைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் 1976இல் அறிக்கைகளை வாங்கும் வேலையை, யாரையும் தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் ஒப்படைத்தார்கள். பெயர்களை நீக்கிவிட்டுத்தான் நாசா தகவலை வெளியே தரும். வேண்டுமென்றே செய்த குற்றமாகவோ விபத்தாகவோ இல்லாத பட்சத்தில், பத்து நாட்களுக்குள் அறிக்கை கொடுத்தவருக்கு அபராதத்திலிருந்தும் விலக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தண்டிக்க மாட்டோம் என்று சொன்னதோடு விட்டிருந்தால் அது சுவரொட்டி வாசகம். தண்டிக்க முடியாத இடத்துக்குத் தகவலை நகர்த்தினார்களே, அதுதான் மேலாண்மை. எத்தனையோ அலுவலகங்களில் "தயங்காமல் குறைகளைச் சொல்லுங்கள்" என்ற பெட்டி ஹெச்.ஆர். அறை வாசலிலேயே மாட்டியிருக்கிறது. உள்ளே காகிதம் விழாததைப் பார்த்துவிட்டு, நம் ஊழியர்களுக்குக் குறையே இல்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

சரி, தொழிற்சாலைக்கு வருவோம். எல்லாத் துறையும் கடன் வாங்கும் இடம் டொயோட்டா. டொயோட்டாவே கடன் வாங்கிய நிறுவனம்தான் என்பது இன்னும் அழகு. அந்தக் கார் நிறுவனத்தைத் தொடங்கியவரின் தந்தை சாகிச்சி டொயோடா செய்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். குறையுள்ள துணி ஓர் அங்குலம்கூட மேற்கொண்டு நெய்யப்படாது. நெசவில் பிறந்த அந்த எண்ணம்தான் கார் தயாரிப்புக்குப் போய், குறை தெரிந்தால் லைனை நிறுத்து என்ற விதியாக மாறியது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த பொறியாளர் தாய்ச்சி ஓனோ 1956இல் அமெரிக்கா போனபோது பல்பொருள் அங்காடிகளைக் கவனித்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் முறை அவருடைய உற்பத்தி யோசனைகளோடு ஒட்டிப்போனது.

டொயோட்டாவின் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தொழிலாளி ஏதாவது சரியில்லை என்று நினைத்தால் இழுக்கலாம். இழுத்ததும் லைன் உடனே நிற்காது. பலகையில் அந்த இடத்தின் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அடுத்த குறிப்பிட்ட இடத்தை எட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால், மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். முடியாவிட்டால்தான் லைன் நிற்கும். இழுப்பது ஒரு ஷிஃப்டில் பல தடவை நடக்கும் சாதாரண விஷயம். இழுப்பு குறைந்துபோனால் மேலாளர்கள் கவலைப்படுவார்கள், ஏதோ மறைக்கப்படுகிறது என்று.

இதை வேறொரு மண்ணில் நட்டுப் பார்த்ததில் மிகச் சுத்தமான சோதனை கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் நடந்தது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆட்கள் வேலைக்கு வராமலிருப்பது 20 சதவீதத்தைத் தொட்டிருந்த, நிர்வாகமும் சங்கமும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்த ஆலை. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தில் நும்மி என்ற பெயரில் புதிய ஆலையைத் திறந்தன. அதே சங்கம். முதலில் எடுத்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் பழைய ஆலையின் ஆட்கள். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலேயே மிகச் சிறந்த தரமும் உற்பத்தித்திறனும் கொண்ட கார் ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. வேலைக்கு வராதவர்கள் சில சதவீதமாகச் சுருங்கினார்கள்.

எல்லோரும் கயிற்றைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது சங்கத்தோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தை. நிறுவனத்தின் நீண்டகால இருப்பே கேள்விக்குள்ளாகும் நெருக்கடி வந்தால் தவிர யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. அப்படி ஒரு நிலை வந்தாலும் அதற்கு முன்பு அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே எடுத்துக்கொள்வது போன்றவற்றைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1988 வாக்கில் அங்கே தயாரான கார் சரியாக விற்காமல் உற்பத்தி வெகுவாகக் குறைந்தபோது இந்த வரிக்குச் சோதனை வந்தது. ஒருவரையும் அனுப்பவில்லை. லைனில் வேலையில்லாமல் மிஞ்சிய ஆட்களைப் பயிற்சியிலும் பராமரிப்பு வேலைகளிலும் முறைகளைச் சீர்செய்வதிலும் ஈடுபடுத்தினார்கள்.

ஒரு தொழிலாளியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இந்த இடத்தில் மூன்று நொடி வீணாகிறது, இதை இப்படிச் செய்தால் ஓர் ஆள் குறைவாகவே போதும் என்று அவர் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அந்தக் குறையும் ஆள் தானாக இருக்கலாம் என்றால் எந்தப் பைத்தியக்காரர் வாயைத் திறப்பார்? வேலை போகாது என்ற வரி இல்லாமல் மேம்பாட்டு யோசனை கேட்பது, தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரிக்கச் சொல்வதுதான். கார் உலகின் இந்தப் பாடத்தைச் செலவுக் குறைப்புத் திட்டமாக மட்டும் வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் ஏராளம். முதல் ஆண்டு யோசனைகள் வரும், ஆட்களைக் குறைப்பார்கள். இரண்டாம் ஆண்டு யோசனை வராது. ஊழியர்களுக்கு ஈடுபாடு இல்லை என்பார்கள்.

அதே ஜெனரல் மோட்டார்ஸ், அதே கலிபோர்னியாவில் இருந்த தன் வான் நைஸ் ஆலையில் இந்த முறையை நகலெடுக்கப் பார்த்தது. குழு அமைத்தார்கள், கயிறு கட்டினார்கள். இழுத்தால் மேலே இருப்பவர்கள் எரிந்து விழுந்தார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். மேலாளர்களின் மதிப்பீடு எத்தனை கார் வெளியே போயிற்று என்பதை வைத்தே நடந்தது. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. நும்மி 2010 வரை ஓடியது.

நான் வேலை நிமித்தமாகப் போன ஓர் ஆலையிலும் அப்படி ஒரு கயிறு இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்ட கயிறு, மேலே எண் போட்ட விளக்குப் பலகை, எல்லாம் முறைப்படி. என்னைச் சுற்றிக் காட்டிய சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார்: "இந்த மாசம் ஒரு தடவைகூட யாரும் இழுக்கல சார்." கயிற்றின் மேல்பக்கம் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து இடத்தில் ஒரு பையன் கதவின் ரப்பர் பட்டையைப் பொருத்திக்கொண்டிருந்தான். பட்டை ஒரு மூலையில் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், உட்காரவில்லை. ஒருமுறை நிமிர்ந்து உற்பத்தி எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தான். கயிற்றின் பக்கம் கண்ணே போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, கதவின் உள்பக்கம் சின்னதாக ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டான். லைன் முடிவில் பழுதுபார்க்கும் ஆட்கள் அந்தக் கோடுகளைத் தேடிச் சரிசெய்வார்கள். தொழிலாளர்களே தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட முறை அது. யாருக்கும் திட்டு விழாது, எண்ணிக்கையும் குறையாது. எந்தக் குறை எந்த இடத்தில் எத்தனை முறை வருகிறது என்பது மட்டும் நிறுவனத்துக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தச் சாக்பீஸ் கோட்டில் எவ்வளவு அறிவும் பொறுப்பும் இருக்கிறது என்று எனக்குப் பொறுக்கவில்லை. தரத்தைப் பற்றி அந்தப் பையனுக்கு அக்கறை இல்லாமலில்லை. குறையைப் பார்த்தான், அடுத்தவர் கண்ணில் படும்படி செய்தான். அதை மேலே சொல்லும் வழியைத்தான் நிறுவனம் அடைத்து வைத்திருந்தது.

வாக்கோடு சேர்ந்து முறை பயணம் போன இடங்களும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், ஐசியூ நோயாளிகளுக்குப் பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய் வழியாக வரும் தொற்றைக் குறைக்க ஐந்தே ஐந்து படிகள் கொண்ட ஒரு பட்டியலைச் செய்தார். கை கழுவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் துடை, நோயாளியை முழுக்கத் துணியால் மூடு, தொடைப் பக்கம் போடுவதைத் தவிர், தேவையில்லாத குழாயை எடுத்துவிடு. எல்லா மருத்துவருக்கும் தெரிந்ததுதான். வித்தியாசம் அடுத்த ஏற்பாட்டில் இருந்தது. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் நர்ஸ் வேலையை நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் நர்ஸின் பக்கமே நிற்கும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்தார்கள். வேண்டிய பொருட்கள் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்ததை ஒரே தள்ளுவண்டியில் சேர்த்தார்கள். மிச்சிகன் மாநிலத்துக்கு இது போனபோது, ஒவ்வொரு ஐசியூவுக்கும் மருத்துவமனையின் மூத்த நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்று, நேரில் வந்து, என்ன பொருள் கிடைக்கவில்லை என்று கேட்டுத் தீர்த்துவைத்தார். 2006இல் வெளியான முடிவில் 103 ஐசியூக்களின் தரவு இருந்தது. நோயாளிகளுக்குக் குழாய் போட்டிருந்த ஒவ்வொரு 1,000 நாட்களுக்கும் 2.7 ஆக இருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு (median) மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2002இல் சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் தலைவர்கள் ஜப்பானுக்கே போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் எச்சரிக்கை எழுப்பி வேலையை நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கடன் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையுடையது. இதய அறுவை முடிந்த குழந்தையை அரங்கிலிருந்து ஐசியூவுக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் குழப்பமானவை. எத்தனையோ குழாய்கள், கம்பிகள், எல்லாவற்றையும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும், அதே நேரத்தில் நோயாளியைப் பற்றிய தகவலையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த மருத்துவர்களுக்கு ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்திச் சில நொடிகளில் சக்கரம் மாற்றும் பிட் ஸ்டாப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பொறி தட்டியது. ஃபெராரி அணியினரிடம் போய்த் தங்கள் வேலையின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். வேகத்தைக் கற்றுக்கொள்ளப் போனார்கள் என்றுதான் பலர் எழுதுகிறார்கள். அவர்கள் கொண்டுவந்தது வேறு. இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்பது பிட் ஸ்டாப்பில் எல்லோருக்கும் தெரியும், மருத்துவமனையில் அது தெளிவாக இல்லை. அதனால் மாற்றம் முடியும்வரை மயக்க மருத்துவர்தான் தலைமை என்று வகுத்தார்கள். முதலில் கருவிகள் மட்டும், அப்போது தகவல் பேச்சு கூடாது. கருவிகள் நிலைபெற்ற பிறகு ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது. 2007இல் வெளியான ஆய்வின்படி ஒவ்வொரு மாற்றத்திலும் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆயின. விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07க்கு இறங்கின. நேரம் 10.8 நிமிடத்திலிருந்து 9.4 ஆனது. அதாவது வேகம் பெரிதாகக் கூடவே இல்லை.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. தங்கள் குறை எது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு விடை வைத்திருப்பவரைத் தேடிப் போயிருக்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் வரிசை தலைகீழ். பக்கத்து நிறுவனத்தில் ஒன்று ஓடுகிறது, புதிய தலைவர் அங்கிருந்து வருகிறார், கூடவே அதையும் கொண்டுவருகிறார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வளர்ந்த ஜேம்ஸ் மெக்நெர்னி 3எம் நிறுவனத்துக்குத் தலைவராக வந்தபோது சிக்ஸ் சிக்மா என்ற தரக்கட்டுப்பாட்டு முறையும் கூடவே வந்தது. பத்து லட்சத்துக்கு 3.4 குறைகள் என்ற இலக்கு, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்துக்கு அற்புதமாகப் பொருந்தும். 3எம்மின் ஆய்வகத்தில் 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்ததோ சரியாக ஒட்டாத ஒரு பசை. குறை என்று தூக்கிப்போட்டிருக்க வேண்டியது. அதற்கு ஒரு பயன் கிடைத்து, போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் என்று அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வர 1980 ஆனது. விலகலை ஒழிக்கும் முறையை, விலகலில் பிழைக்கும் ஆய்வகத்தின் மேல் வைத்தால் என்ன ஆகும்? அடுத்து வந்த தலைவர் ஆய்வகங்களுக்கு அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். ஆப்பிள் கடைகளை வெற்றிகரமாக நடத்திய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் ஜேசி பென்னி என்ற அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனத்துக்கு வந்து, தள்ளுபடிக் கூப்பன்களை நிறுத்தி ஒரே விலை என்று அறிவித்ததும் இதே வகைதான். அடுத்த நிதியாண்டில் விற்பனை சுமார் 25 சதவீதம் விழுந்தது, 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார். சில கடைகளில் முதலில் முயன்று பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறக்கியதுதான் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

வாக்குக் கொடுக்கக் காசு செலவாகும், அதனால்தான் அதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் முடிவு. ஃபோர்டு இதை நெருக்கடியில் கற்றது. நகரும் அசெம்பிளி லைன் யோசனைக்கு ஒரு தூண்டுதல் சிகாகோவின் இறைச்சிக் கூடங்கள். அங்கே மாட்டுடல் கொக்கியில் நகர்ந்து வரும், ஒவ்வொருவரும் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். 1913இல் ஹைலாண்ட் பார்க் ஆலையில் அதைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைச் சேர்க்கும்படி ஆக்கினார்கள். 12.5 மணி நேரம் பிடித்த, காரின் அடிச்சட்டமான சேசிஸைப் பொருத்தும் வேலை 93 நிமிடமாகச் சுருங்கியது. தொழிலாளர்கள் அந்த வேலையைத் தாங்க முடியாமல் ஓடினார்கள். அந்த ஆண்டு ஆட்கள் மாறிய விகிதம் 370 சதவீதம், அதாவது 100 இடங்களை நிரப்பி வைக்க ஓராண்டில் சுமார் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர், எட்டு மணி நேர வேலை என்று அறிவித்த பிறகுதான் அந்த லைன் நிலையாக ஓட ஆட்கள் தங்கினார்கள். அந்தக் காசோடு ஊழியர்களின் வீட்டு வாழ்க்கையைக் கண்காணிக்கும் ஒரு துறையும் வந்தது, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் முறைக்கும் அதைச் செய்யும் ஆளுக்குக் கொடுப்பதற்கும் இடையில் இருக்கும் கணக்கை அந்த நிறுவனம் கண்ணால் பார்த்துவிட்டது.

இப்போது யாராவது புதிய முறையைக் கொண்டுவர உதவி கேட்டால் முதலில் நடுமட்ட மேலாளர்களின் ஆண்டு மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குகிறேன். லைன் நின்றால், அறுவை தாமதமானால், மென்பொருள் வெளியீடு தள்ளிப்போனால் அந்தத் தாளில் யாருடைய எண் குறைகிறது என்று பார்க்கிறேன். மேலே இருப்பவர் மேடையில் வாக்குக் கொடுப்பார், கீழே இருப்பவர் நம்பவும் செய்வார். நடுவில் இருப்பவருக்கு மட்டும் ஒவ்வொரு நிறுத்தமும் தன் சம்பள உயர்விலிருந்து கழியும். அப்புறம் அவர் எரிந்து விழாமல் என்ன செய்வார்? அவரைக் கெட்டவர் என்று காட்டிவிட்டுத் தப்பிப்பது சுலபம். ஆனால் அவர் கையில் இருக்கும் தாளை எழுதியவர் வேறொருவர்.

அண்மையில் ஓர் இடத்தில் அந்தத் தாளில் இரண்டு வரிகளை மாற்றச் சம்மதிக்க வைத்தோம். தரக்குறையைச் சொல்லி வேலை நின்ற நேரம், பகுதி மேலாளரின் உற்பத்திக் கணக்கிலிருந்து இனி கழியாது. ஒரு மாதம் முழுக்க அவர் பகுதியிலிருந்து நிறுத்தமே வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவர் விளக்க வேண்டும். நிதித் துறையிலிருந்து பெரிய எதிர்ப்பு. நின்ற நேரத்தின் செலவை எந்தத் துறைக் கணக்கில் எழுதுவது என்றே இரண்டு கூட்டம் ஓடியது. கடைசியில் தலைமை அலுவலகத்தின் கணக்கில் எழுதலாம் என்று முடிவானது. முதல் மாதம் நிறுத்தங்கள் எக்கச்சக்கமாக வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே சப்ளையரிடமிருந்து வந்த ஒரே பாகத்தைப் பற்றியவை. கொள்முதல் துறை இப்போது அந்த ஒப்பந்தத்தை மறுபடி பேசிக்கொண்டிருக்கிறது.